ஓல்ட் பெய்லி வழக்கேடுகள்: அடுத்த பணத்தை எதில் போடுவது?

18ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒருவர் வீட்டிலிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள பொருளைத் திருடினால் தூக்கு. 1713இல் வந்த சட்டம் அது. ஆனால் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் வழக்கு அறிக்கைகளைப் புரட்டினால் ஒரு தீர்ப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: குற்றவாளிதான், ஆனால் 39 ஷில்லிங் அளவுக்கு மட்டும். களவு போனது அதைவிட எவ்வளவோ விலை பெறும் என்று சாட்சி சொல்லியிருப்பார். ஜூரிகள் விலையைக் குறைத்து ஓர் உயிரைக் காப்பாற்றியிருப்பார்கள். ஒரு வழக்கில் பார்த்தால் அது தற்செயல் போலத் தெரியும். நூற்றுக்கணக்கான வழக்குகளை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான், சட்டப் புத்தகம் ஒன்று சொல்ல நீதிமன்றம் வேறொன்று செய்தது புரிகிறது.

அப்படி அடுத்தடுத்துப் பார்க்கும் வசதி 2003இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. டிம் ஹிட்ச்காக், ராபர்ட் ஷூமேக்கர், கிளைவ் எம்ஸ்லி ஆகிய மூன்று வரலாற்றாசிரியர்களின் முயற்சியில் உருவான 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளம், 1674 முதல் 1913 வரை அச்சான வழக்கு அறிக்கைகளை 2008க்குள் முழுமையாக ஏற்றிவிட்டது. 1,97,000க்கு மேற்பட்ட வழக்குகள், ஏறத்தாழ 12.7 கோடி சொற்கள். கட்டணம் கிடையாது. நீதிமன்ற ஆவணங்களை இணையத்தில் ஏற்ற நினைப்பவர்கள் இன்றும் முதலில் போய்ப் பார்க்கும் முன்மாதிரி இதுதான்.

இதை இனி மேம்படுத்துவதென்றால் ஐந்து வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. எழுத்துப் பிழைகளைக் களையலாம். வழக்குகளுக்குப் போட்டிருக்கும் டேக்குகளை, அதாவது குற்றம், தீர்ப்பு என்று வகைபிரித்துக் காட்டும் அடையாளக் குறிகளை, விரிவாக்கலாம். தேடல் பக்கத்தையும் புள்ளிவிவர வரைபடங்களையும் மெருகேற்றலாம். தரவு முழுவதையும் ஆய்வாளர்கள் எளிதாக எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடலாம். வேறு காப்பகங்களில் கிடக்கும் ஆவணங்களோடு ஒவ்வொரு வழக்கையும் இணைக்கலாம். ஐந்துமே நல்லவைதான். ஆனால் பணமும் ஆளும் அளவாகத்தான் கிடைக்கும். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

எதில் இறங்குவதற்கும் முன், கையில் இருப்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓல்ட் பெய்லி அறிக்கைகள் நீதிமன்றமே எழுதி வைத்த பதிவேடுகள் அல்ல. தெருவில் விற்பதற்காக அச்சகக்காரர்கள் போட்ட சிறு வெளியீடுகளாகத்தான் அவை தொடங்கின. சுவாரசியமான கொலை வழக்குக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கும், சாதாரணத் திருட்டு நான்கு வரியில் முடிந்துவிடும். 1778இல்தான் லண்டன் நகராட்சி இது உண்மையான, முழுமையான பதிவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதே நகராட்சி 1790 முதல் 1792 வரை, விடுதலையில் முடிந்த வழக்குகளின் விவரத்தை அச்சிடக் கூடாது என்று தடுத்தும் வைத்தது. தப்பிப்பது எப்படி என்று குற்றவாளிகள் அதைப் படித்துக் கற்றுக்கொள்வார்கள் என்ற பயம் அதற்குக் காரணம். பாலியல் குற்ற வழக்குகளில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சாட்சியத்தையே வெட்டிவிட்டார்கள்.

ஆக, நீதிமன்றத்தில் நடந்ததற்கும் நம் திரையில் தெரிவதற்கும் நடுவே ஒரு சுருக்கெழுத்தாளர், ஒரு பதிப்பாளர், ஒரு நகராட்சி, அப்புறம் நம் காலத்துத் தட்டச்சாளர் என்று பல கைகள் இருக்கின்றன. ஐந்து வழிகளையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: இந்த இடைவெளியை ஆய்வாளருக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

எழுத்துப் பிழை

இந்தத் தளத்தின் அடித்தளம் உறுதியாக இருப்பதற்குக் காரணம் ஆரம்பத்தில் எடுத்த ஒரு முடிவு. 1834 வரையிலான பக்கங்களை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்தார்கள். இரண்டு பிரதிகளையும் கணினி ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தார். ஒரே பிழையை ஒரே இடத்தில் இருவரும் செய்வது அரிது என்பதுதான் இதன் சூட்சுமம். 1834க்குப் பிந்தைய அச்சு தெளிவாக இருந்ததால் ஒரு பிரதியைக் கையால் அடித்து, மற்றதை ஓசிஆர் (அச்சுப் பக்கத்தின் படத்தைப் படித்து எழுத்தாக்கும்) மென்பொருளிடம் விட்டார்கள். எழுத்துத் துல்லியம் 99 சதவீதத்துக்கு மேல் வந்தது.

இதற்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் பர்னி செய்தித்தாள் தொகுப்பை வைத்துப் பாருங்கள். அதே காலத்து லண்டன் அச்சுதான், ஆனால் முழுக்க ஓசிஆரை நம்பி ஏற்றியது. 2009இல் அதைச் சோதித்தபோது சரியாக வாசிக்கப்பட்ட சொற்கள் 65 சதவீதம்தான். 'தி', 'ஆஃப்' போன்ற சில்லறைச் சொற்களைக் கழித்து, நாம் உண்மையில் தேடக்கூடிய சொற்களை மட்டும் எடுத்தால் பாதிகூடத் தேறவில்லை. அந்தக் காலத்து நீண்ட எஸ் எழுத்தை இயந்திரம் எஃப் என்று படித்துவிடும். பெயர்கள்தான் அதிகம் சிதையும், ஆய்வாளர் தேடுவதும் பெயர்களைத்தான். கொடுமை என்னவென்றால், தேடிக் கிடைக்காதபோது அது பிழையால் கிடைக்கவில்லையா, உண்மையிலேயே இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

சரி, அப்படியென்றால் ஓல்ட் பெய்லி எழுத்துக்கு இன்னும் செலவழிக்கலாமா? வேண்டாம் என்பது என் எண்ணம். 99ஐத் தாண்டிய துல்லியத்தை இன்னும் கொஞ்சம் ஏற்ற ஆகும் செலவு, அதனால் வரும் பலனுக்குச் சமமாகாது. படிப்பவர்களே வரியைத் திருத்த ஒரு வழி வைத்தால் போதும். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களை வாசகர்கள் வருடக்கணக்காக வரிவரியாகத் திருத்தி வருகிறார்கள். வேலை நடக்கிறது, மனிதர்களும் ஆவணத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். யார் எதைத் திருத்தினார்கள், பழைய வடிவம் என்ன என்ற வரலாறு மட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கையெழுத்து ஆவணங்களை இனிமேல்தான் ஏற்றப் போகிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்களுக்கு எழுத்துதான் முதல் செலவு, அதையும் எப்படிச் செய்வது என்பதில் இப்போது புதிய வழி ஒன்று இருக்கிறது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கையெழுத்து வாசிக்கும் மென்பொருள் கொண்டு எழுத்தாக்கும் வேலையை நெதர்லாந்தின் குளோபலைஸ் திட்டம் செய்திருக்கிறது. இத்தனை பக்கங்களை இரட்டைத் தட்டச்சு செய்ய எந்த நாட்டாலும் முடியாது. பிழை இருக்கும்தான். ஆனால் 50 லட்சம் பக்கங்களில் எந்தப் பக்கத்தை எடுத்துப் படிக்க வேண்டும் என்று காட்டுவதற்கு அந்தப் பிழையோடு கூடிய எழுத்தே போதும், மேற்கோள் காட்ட மட்டும் படத்தைப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. 1690 முதல் 1781 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் நாகப்பட்டினம். அங்கிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போன காகிதங்கள் அந்தக் குவியலில் இருக்கின்றன. கம்பெனி ஆவணங்களின் ஒரு பகுதி சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கிறது. கொச்சி நீதிமன்றத்தில் அடிமைகள் கொடுத்த வாக்குமூலங்கள் கூட அந்தக் கம்பெனி ஏடுகள் வழியாகத்தான் பிழைத்து வந்திருக்கின்றன. அவற்றைத் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும்: அக்கால ஐரோப்பிய ஆவணங்களில் தமிழர்களை 'மலபார்' என்று எழுதுவது வழக்கம். தமிழ் என்று தேடினால் தமிழர்கள் கிடைக்க மாட்டார்கள். எழுத்து எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த அறிவு பக்கத்தில் இல்லையென்றால் தேடல் பெட்டி வெறும் பெட்டிதான்.

டேக் கூட்டுவது

ஓல்ட் பெய்லியின் இன்னொரு பலம், ஒவ்வொரு வழக்கிலும் குற்றம், தீர்ப்பு, தண்டனை, பெயர், பால், தொழில், இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பது. குற்றங்கள் ஒன்பது பெரும் பிரிவுகளில் வருகின்றன: திருட்டு, வன்முறைத் திருட்டு, கொலை, மோசடி, பாலியல் குற்றம் என்று போகும். திருட்டுதான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

இந்தப் பட்டியலுக்குள் வராதவர்களைத் தேடும்போதுதான் இதன் எல்லை தெரியும். நான் அந்தத் தளத்துக்குள் நுழைந்தது லஸ்கர்களைத் தேடி. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வேலைபார்த்து லண்டன் வந்து சேர்ந்த ஆசியக் கடலோடிகள் அவர்கள். திரும்பிப் போகக் கப்பல் கிடைக்கும்வரை துறைமுகப் பகுதியில் தங்கியிருந்தார்கள். சிலர் குற்றம் சாட்டப்பட்டு, சிலர் பறிகொடுத்து, சிலர் சாட்சியாக நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் துணையோடு. இவர்களுக்கென்று டேக் எதுவும் கிடையாது. லஸ்கர் என்ற சொல்லைப் போட்டுத் தேட வேண்டும், மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லைப் போட்டுத் தேட வேண்டும், கப்பல்துறைப் பேட்டைகளின் பெயர்களைப் போட்டுத் தேட வேண்டும். அவர்கள் பெயர்களையோ ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

அப்படியானால் 'பிறப்பிடம்', 'இனம்' என்று புது டேக் போடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் அது ஆபத்தான வேலை. ஒருவரின் தோல் நிறத்தையோ ஊரையோ அறிக்கை சொல்லவில்லையென்றால் டேக் போடுபவர் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் ஒருமுறை தரவுக்குள் ஏறிவிட்டால் பத்து வருடம் கழித்து அதை வைத்து யாரோ எண்ணிக்கை எடுப்பார்கள், ஊகம் உண்மையாகிவிடும்.

இதைவிட நல்ல வழியை மொழியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியில் கீசன் பல்கலைக்கழகத்தின் மாக்னுஸ் ஹூபர் குழு இதே அறிக்கைகளை எடுத்து, எது நேர்ப்பேச்சு, யார் பேசியது, ஆணா பெண்ணா, என்ன தொழில் என்று குறித்து 2.44 கோடி சொற்கள் கொண்ட தனித் தொகுப்பாக ஆக்கியது. மூலத் தளம் அப்படியே இருக்கிறது. தேவைப்பட்டவர்கள் தங்கள் அடுக்கைத் தாங்களே மேலே போட்டுக்கொண்டார்கள், அதற்கான பொறுப்பும் அவர்களுடையது. லஸ்கர்கள் பற்றி ஒருவர் அப்படி ஓர் அடுக்கு போட்டால் அதை மூலத்திலிருந்து பிரித்துப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் முடியும். இது நடக்க ஒன்றே ஒன்று வேண்டும், தரவு திறந்திருக்க வேண்டும்.

வரைபடங்கள்

இதில் அதிக நேரம் செலவிட மாட்டேன். நிதி கொடுப்பவர்களுக்குக் காட்ட வரைபடம் அழகாக இருக்கும். ஆனால் 1791இல் விடுதலைகள் சட்டென்று குறைந்ததாக ஒரு கோடு கீழே இறங்கினால், அது நீதிமன்றத்தின் கண்டிப்பா, அச்சுத் தடையா என்று கோடு சொல்லாது. மரண தண்டனைக் கோடும் அப்படித்தான். அறிக்கையில் இருப்பது விதித்த தண்டனை மட்டுமே. மன்னிப்புப் பெற்றுத் தப்பியவர்கள் ஏராளம், அது வேறு ஏட்டில் இருக்கும். எண்ணும் வசதி ஏற்கனவே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, அந்தந்த வருடத்துக்குப் பொருந்தும்படி இரண்டு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பின்னணி விளக்கங்கள் தளத்தில் நிறையவே இருக்கின்றன, நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவை தனிப் பக்கங்களில் இருக்கின்றன. தேடலிலிருந்து நேராக வழக்குக்குப் போகிறவர் அங்கே போவதில்லை.

திறந்துவிடுவது

அறிக்கைகளின் 2,163 வெளியீடுகளும், நியூகேட் சிறைப் பாதிரியார் தூக்குக் கைதிகளைப் பற்றி எழுதிய 475 வெளியீடுகளும், டேக்குகளோடு கூடிய எக்ஸ்எம்எல் கோப்புகளாக டவுன்லோடு செய்யக் கிடைக்கின்றன. ஏபிஐ வழியாகவும், அதாவது ஒரு கணினி நிரல் தளத்திடம் நேராகக் கேட்டு வாங்கும் வழியிலும், எடுக்கலாம். இதனால் என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஹிட்ச்காக்கும் கனடாவின் வில்லியம் டர்கலும் வழக்குகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வழக்கும் எத்தனை சொல் நீளம் என்று மட்டும் அளந்து பார்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மிகச் சிறிய அறிக்கைகள் ஒரு கூட்டமாகப் பிரிந்து வந்தன. விசாரணையே இல்லாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்ளும் வழக்கம் எப்படிப் பெருகியது என்பது அந்த நீளத்தில் தெரிந்தது. எந்தத் தேடல் பெட்டியிலும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. தளத்தை வடிவமைத்தவர்களே எதிர்பார்க்காத கேள்விகளுக்குத் திறந்த தரவுதான் இடம் கொடுக்கிறது.

செலவும் இதில்தான் குறைவு. கோப்புகளைப் பராமரிக்க வேண்டும், பதிப்பு எண் போட வேண்டும், என்ன மாற்றினோம் என்று எழுதி வைக்க வேண்டும். அதைவிட முக்கியம் வழக்கு எண். ஒவ்வொரு வழக்குக்கும் 'டி' என்ற எழுத்து, நீதிமன்றம் கூடிய தேதி, வரிசை எண் என்று ஓர் அடையாளம் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் போடுவது அதைத்தான். 2023இல் தளத்தைப் புதிதாகக் கட்டியபோதும் அந்த எண்கள் தொடர்ந்தன. மென்பொருள் மாறும், முகப்பு மாறும், அந்த எண் மாறாதவரை இருபது வருட ஆய்வுகள் தொலையாது. புதிதாகக் காப்பகம் கட்டுபவர்கள் முகப்புப் பக்கத்தின் நிறத்தைப் பேசுவதற்கு முன் எண்ணைப் பேச வேண்டும்.

இணைப்பது

இதுதான் கடினமான வழி, பணமும் அதிகம் கேட்கும். ஆனாலும் பெரும்பங்குப் பணத்தை நான் இங்கேதான் போடச் சொல்வேன்.

இரண்டு முயற்சிகள் ஏற்கனவே நடந்திருக்கின்றன. 'லண்டன் லைவ்ஸ்' 1690 முதல் 1800 வரையிலான சுமார் 2,40,000 பக்கங்களை, அவற்றில் பெரும்பாலும் கையெழுத்து ஆவணங்களை, எழுத்தாக்கியது. கோவில்பங்குகளின் (தேவாலயத்தைச் சுற்றிய உள்ளூர் வட்டாரங்களின்) ஏழைநிவாரணக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, நீதிமன்றக் கட்டுகள் எல்லாம் அதில் உண்டு. 2017இல் வந்த 'டிஜிட்டல் பனாப்டிகான்' ஓல்ட் பெய்லியில் தண்டனை பெற்ற சுமார் 90,000 பேரைச் சிறை ஏடுகள், நாடுகடத்தல் கப்பல் பட்டியல்கள், ஆஸ்திரேலியப் பதிவுகள் வழியாகப் பின்தொடர்ந்தது. வழக்கறிக்கையில் 'மரணம்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிட்ட ஒரு பெண், அங்கே போனால் மன்னிப்புப் பெற்று, கப்பலேறி, வேறொரு கண்டத்தில் வாழ்ந்து முடிந்திருப்பதைக் காணலாம். தண்டனை விதித்ததற்கும் நிறைவேறியதற்கும் உள்ள தூரம் ஆள் ஆளாகத் தெரிகிறது.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். லண்டனில் எத்தனை ஜான் ஸ்மித், எத்தனை மேரி ஜோன்ஸ்! வயது இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக இருக்கும், ஊர் வேறாக எழுதியிருக்கும். இயந்திரம் இரண்டு பேரை ஒருவராக ஒட்டிவிட்டால் உலகத்தில் வாழாத ஒரு மனிதர் பிறந்துவிடுவார். தன் குடும்ப வேரைத் தேடி வருபவர் அந்த இல்லாத மனிதரைத் தாத்தாவாக ஏற்றுக்கொண்டு போவார். அதனால் ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில், எதை வைத்து இவர்கள் ஒருவரே என்று முடிவு செய்தோம் என்பது திறந்தே தெரிய வேண்டும். பெயர் மட்டுமா, பெயரும் வயதுமா, தண்டனைத் தேதியும் பொருந்தியதா? பொருந்தாத விவரத்தையும் மறைக்காமல் போட வேண்டும். வாசகர் 'இது தவறு' என்று சொல்ல வழி வேண்டும்.

இந்த நிபந்தனையோடு செய்தால், மற்ற நான்கு வழிகளாலும் முடியாத ஒன்றை இது செய்கிறது. அச்சிட்ட அறிக்கையை அதே வழக்கின் இன்னொரு சாட்சியத்தோடு அருகருகே வைக்கிறது. சுருக்கெழுத்தாளர் எதை விட்டார், பதிப்பாளர் எதை வெட்டினார் என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ஆட்களின் வாழ்க்கையைப் பின்தொடர்வதை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஆவணத்தோடு ஆவணத்தை இணைப்பதில் தொடங்கலாம். வழக்கின் தேதியும் குற்றவாளியின் பெயரும் குற்றமும் மூன்றுமே பொருந்தும் என்பதால் ஜான் ஸ்மித் குழப்பம் இங்கே குறைவு. 18ஆம் நூற்றாண்டுக்கு லண்டன் லைவ்ஸ் ஓரளவு செய்துவிட்டது. 1834இல் ஓல்ட் பெய்லி, மத்தியக் குற்றவியல் நீதிமன்றமாக மாறிய பிறகான காலம்தான் காலியாக இருக்கிறது. விசாரணைக்கு முன்பு மாஜிஸ்திரேட்டிடம் சாட்சிகள் கொடுத்த வாக்குமூலங்கள், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'கிரிம் 1' என்ற வரிசையில் இருக்கின்றன. எல்லா வழக்குக்கும் எஞ்சவில்லை. கொலை, ராஜதுரோகம் போன்றவற்றுக்கும் ஒரு சிறு மாதிரிக்கும்தான் வைத்திருக்கிறார்கள். செலவைப் பார்த்தால் அதுவே வசதி, அளவு கைக்கு அடங்கும். கையெழுத்து வாசிக்கும் மென்பொருளால் ஒரு முதல் பிரதி எடுத்து, படத்தையும் எழுத்தையும் வழக்கு எண்ணோடு கட்டிவிடலாம். முதல் பெட்டிகளாக அந்தக் கொலை வழக்குகளை எடுங்கள். வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி சம்பவம் நடந்த கையோடு மாஜிஸ்திரேட் முன் சொன்னது இடப்பக்கம், சில வாரம் கழித்து வழக்கறிஞர்கள் கேள்வி கேட்க அவள் சொன்னதாக அச்சில் வந்தது வலப்பக்கம்.